லார்ஸாக் மேட்டு நிலம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

மோன்பெலியே, பிரான்ஸ்,
ஜூன், ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உன் கைப்பட எழுதிய முதல் கடிதம் என்பதால் இரண்டு முறை படித்தேன். வரிகள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஊருணியைத் தூர்வாரத் தொடங்கிவிட்டீர்கள் என்ற செய்தி மனத்தைக் குளிர வைத்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. போன வாரம் மகளும் மருமகனும் எங்களை லார்ஸாக் என்ற மேட்டு நிலத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பார்த்ததை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

இங்கிருந்து வடமேற்கே காரில் ஒரு மணி நேரம். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிச் சாலை மலையில் ஏறுகிறது. ஏறி முடித்ததும் மறுபக்கம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லும் பாறையுமான வெட்டவெளி. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் வெடிப்புகளின் வழியே கீழே இறங்கிவிடும். மேட்டின் மேல் ஓடும் தண்ணீர் என்று ஒன்று கிடையாது.

அதனால் அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாழ்வான இடம் பார்த்து வட்டமாகக் குழித்து, அடியில் களிமண் இட்டு, மேலே கல் பாவி, மழைநீரைத் தேக்கினார்கள். ஆடுகள் சரிவில் இறங்கிக் குடித்துவிட்டுத் திரும்பும். அதற்கு லவோஞ் என்று பெயர். நான் கரையில் நின்று பார்த்தபோது உன் ஊருணிதான் நினைவுக்கு வந்தது. குளிப்பதற்குப் படித்துறை இல்லை, அரசமரம் இல்லை. ஆனால் ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது என்ற கவலை அதே கவலை.

அந்த லவோஞ் இருப்பது லா கூவெர்த்வாராத் என்ற ஊரின் மதிலுக்கு வெளியே. 12ஆம் நூற்றாண்டில் டெம்ப்ளர் என்ற துறவிப் போர்வீரர்கள் இந்த மேட்டில் குடியேறினார்கள். சிலுவைப் போர்களுக்குப் பணமும் குதிரையும் தானியமும் அனுப்புவதற்கு இங்கே பண்ணைகள் வைத்தார்கள். 1312இல் அந்தச் சபை கலைக்கப்பட்டதும் சொத்தெல்லாம் ஹாஸ்பிடலர் என்ற இன்னொரு சபைக்குப் போயிற்று. இன்று நாம் பார்க்கும் மதிலும் கோபுரங்களும் அவர்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியவை. மதிலுக்குள் கோட்டை, தேவாலயம், வட்ட வடிவக் கல்லறைக் கற்கள், இரண்டு மூன்று தெருக்கள். அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம்.

எனக்குப் பிடித்தது வீடுகள். வீட்டுக்கு வெளியே கல் படிக்கட்டு. மேல்மாடியில் குடும்பம், கீழே ஆடுகள். குளிர்காலத்தில் ஆட்டின் உடற்சூடு மேலே ஏறி வீட்டைக் காக்குமாம். உத்திரத்துக்கு மரம் கிடைக்காத பூமி என்பதால் எல்லாம் கல் வளைவுகள். கூரையும் கல் பலகைதான். கதவுகளில் கார்தபெல் என்ற பெரிய முட்செடியின் பூவை ஆணி அடித்துத் தொங்க விட்டிருக்கிறார்கள். சூரியனைப் போல விரிந்திருக்கும் அது, காற்றில் ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும். மேய்ப்பன் வாசலில் பார்த்தே மழை வருமா என்று தெரிந்துகொள்வான்.

ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த ஊர் அழகு என் மனத்தை முழுதாக நிறைக்கவில்லை. ஆடுகள் நின்ற கீழ்க்கட்டுகளில் இப்போது மட்பாண்டக் கடையும் தோல்பொருள் கடையும் இருக்கின்றன. கல் நன்றாகப் பாதுகாக்கப்படுகிறது, வாழ்ந்தவர்களைத்தான் காணோம். மாலையில் கார்கள் கிளம்பிய பிறகு தெரு வெறிச்சோடிவிட்டது. நான் உனக்குச் சொல்ல நினைத்தது அதற்கு அப்பால், அதே மேட்டில் லா பிளாக்கியேர் என்ற சிற்றூரில் இருக்கிறது.

1971 அக்டோபரில், மேட்டில் இருந்த ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அறிவித்தார். ஆட்டுப்பால் விற்றுப் பிழைத்தவர்கள் காலி செய்ய வேண்டும். அவர்கள் கிளர்ச்சிக்காரர்கள் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் சாதாரணக் குடியானவர்கள். அப்போது லான்சா தெல் வாஸ்தோ அங்கே வந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். பெயர் ஞாபகம் வருகிறதா? 1937இல் காந்தியிடம் வந்து தங்கிய இத்தாலியர். காந்தி அவருக்குச் சாந்திதாஸ் என்று பெயரிட்டார். பிறகு 1954இல் மீண்டும் இந்தியா வந்து, நிலமற்றவர்களுக்காக நிலதானம் கேட்டு ஊர் ஊராகப் போன வினோபாவோடு நடந்தவர். அவருடைய ஆசிரமம் லார்ஸாக்குக்குப் பக்கத்து மலைகளில்தான் இருந்தது. அந்த உண்ணாவிரதத்தின் முடிவில், 1972 மார்ச்சில், 103 குடியானவர்கள் நிலத்தை விற்க மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். கல் எறிவதில்லை, யாரையும் அடிப்பதில்லை என்பதும் அவர்கள் வழி.

பத்து ஆண்டுகள் அப்படியே நடத்தினார்கள். 1972இல் 60 ஆடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஈஃபில் கோபுரத்தின் அடியில் மேய விட்டார்கள். டிராக்டரில் ஊர்வலம் போனார்கள். 1978இல் பாரிஸ் வரைக்கும் நடந்தார்கள். பிரான்ஸ் முழுவதும் பலர் தங்கள் வரியில் 3 சதவீதத்தை அரசுக்குக் கட்டாமல் இவர்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு, ராணுவம் எடுக்கப்போவதாகச் சொன்ன இடத்தில், அனுமதியே இல்லாமல், தொண்டர்கள் கல்லின் மேல் கல் வைத்து ஒரு பெரிய ஆட்டுக்கொட்டில் கட்டினார்கள். லா பிளாக்கியேரில் நான் பார்த்தது அதைத்தான். வளைவு வாசல், செதுக்கிய கற்கள், உள்ளே ஆட்டு வாசனை. சுவரில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நம் உப்புக் காய்ச்சியவர்களுக்கு இந்தக் கொட்டில் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

1981 ஜூனில், மித்தெரான் குடியரசுத் தலைவரானதும், விரிவாக்கம் கைவிடப்பட்டது. சாந்திதாஸ் அதே ஆண்டு ஜனவரியில் இறந்துவிட்டார். பழைய முகாம் இன்னும் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தின் வெளிநாட்டவர் படைப்பிரிவு ஒன்று அங்கே இருக்கிறது.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். வினோபாவின் இயக்கத்துக்குத் தானமாக வந்த பூதான நிலங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நீ ஒன்று கேட்பாய்: கொடுத்தது சரி, பத்து வருடம் கழித்து அது யார் கையில் இருக்கும்? சிறு வயதில் அந்த வேலையாகக் கிராமம் கிராமமாக அலைந்த உனக்கு அந்தக் கேள்வி ஆறாத புண். லார்ஸாக்கில் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அரசு ஏற்கெனவே வாங்கியிருந்த சுமார் 6,300 ஹெக்டேரை 1985இல் குடியானவர்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. இப்போது அது 2083 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பண்ணையை ஒருவர் ஓய்வு பெறும் வரை நடத்தலாம். விற்க முடியாது, பிள்ளை என்பதற்காக மட்டும் பிள்ளைக்குப் போகாது. அவர் போனதும் கூட்டமைப்பு அடுத்த குடியானவரைத் தேர்ந்தெடுக்கும். ஊர் நிலம் ஊருக்கே பொது என்று கிராமதானம் கனவு கண்டது இதற்கு வெகு அருகில் இல்லையா? அங்கே மேய்ச்சலும் நடக்கிறது, இளம் குடும்பங்களும் வருகின்றன. எல்லாம் சரியாக நடக்கிறது என்று ஒரு நாள் பார்த்த நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது வருடமாக நிலம் கைமாறிக் காணாமல் போகவில்லை.

அந்த ஆட்டுப்பால் பெரும்பாலும் ரோக்ஃபோர் சீஸ் ஆகிறது. கொம்பாலூ மலைக்குள் குகைகள். பாறை வெடிப்புகளின் வழியே குளிர்ந்த ஈரக்காற்று எப்போதும் வீசுகிறது. பச்சைப் பூஞ்சணம் படர்ந்து பாலாடைக்கட்டி அங்கே பக்குவமாகிறது. வாய்க்கு உறைப்பாக இருந்தது. ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் ஒரு கொட்டில் வாசலில் மருமகன் காரை நிறுத்தினார். மதிலில் மங்கிய எழுத்தில் 'கார்தாரெம் லோ லார்ஸாக்'. லார்ஸாக்கை நாம் காத்துக்கொள்வோம் என்று பொருள். பிரெஞ்சு இல்லை, அந்த வட்டாரத்தின் ஆக்சிட்டன் மொழி. பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டனை கிடைத்த மொழி. போராட்டம் வந்தபோது அதைத்தான் சுவரில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் ஊர் திரும்புகிறோம். கொட்டிலின் புகைப்படம் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றைத் தங்கச்சியிடம் கொடு. ஊருணியின் ஆழம் எத்தனை அடி வரை போயிற்று, வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்றினார்களா என்று எழுது. முதல் மழைக்குள் வேலை முடிந்தால் தண்ணீர் நிற்பதை நானும் வந்து பார்த்துவிடுவேன்.

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்