பன்றிகளின் குடல் நோயை முதலில் கணக்கெடுங்கள்

மாகாணத்தின் கால்நடைச் சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்துச் சிறு பன்றிப் பண்ணையாளர்களில் ஒருவன் எழுதுகிறேன். போன கிழமை, விலை பேசி வைத்திருந்த பன்றி ஒன்று கறுப்புத் தார் போலக் கழிந்து, தோல் வெளிறிச் செத்துக் கிடந்தது. அறிவித்தபோது வந்த பதில்: "வயிற்றோட்டம்தானே, ஊசி போடுங்கள்."

எந்த வயிற்றோட்டம், ஐயா? லோசோனியா பக்டீரியா சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கலங்களுக்குள் புகுந்து குடற்சுவரைத் தடிக்க வைக்கிறது. பிராக்கிஸ்பைரா என்ற இன்னொரு பக்டீரியா பெருங்குடலைத் தாக்கிச் சளியும் இரத்தமுமாகக் கழிய வைக்கிறது. சல்மொனெல்லா என்ற பக்டீரியாவும் உண்டு. லோசோனியா சாதாரண வளர்ப்பூடகத்தில் வளராது. மலத்தில் பீசீஆர் என்ற மரபணுச் சோதனை செய்தோ, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியை இரத்தத்தில் பார்த்தோதான் பிடிக்க வேண்டும். இதை நாங்களா கொட்டிலில் வைத்துச் செய்வது?

செத்த பன்றியாவது கண்ணுக்குத் தெரிகிறது. எங்களை முறிப்பது சாகாத பன்றிகள். ஒரே நாளில் ஈன்ற குட்டிகள், ஒரே கொட்டில், ஒரே தீன். சில கொழுக்கும், சில முதுகெலும்பு தெரிய நிற்கும். லோசோனியா பிடித்தாலும் பல நேரம் கழிச்சல்கூட இருக்காது. தின்னும், நிறை ஏறாது. வியாபாரி பெரியவற்றைப் பிரித்தெடுத்துக்கொண்டு போய்விடுவார். மிச்சத்துக்கு நாங்கள் வாரக்கணக்கில் தீன் போட வேண்டும். காப்பை அடகு வைத்துத் தீன் மூடை எடுத்த வீட்டில் அந்த வாரங்கள் எப்படிப் போகும் என்று யோசியுங்கள்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: மாவட்டத்துப் பண்ணைகளில் மல, இரத்த மாதிரிகள் எடுத்து, எந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுங்கள்.

2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபோது பன்றிகளை நகர்த்தாதீர்கள் என்றீர்கள், கேட்டோம். அது வேண்டியதுதான். ஆனால் கட்டுப்பாடு சொல்ல எங்கள் படலை தெரிகிறது, மாதிரி எடுக்க மட்டும் தெரியவில்லை. பன்றி என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஊரில் இருக்கலாம். அது அவரவர் நம்பிக்கை. அரச அலுவலகத்தில் அந்தச் சுளிப்புக்கு இடமில்லை. அப்புறம், நோய் எதுவென்று சொல்ல ஆளில்லாததால் ஆளாளுக்குக் கடையில் வாங்கித் தீனில் கலக்கிறார்களே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதற்குப் பழகிய கிருமி நாளைக்கு மனிதருக்கும் வரலாம்.

கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் நாளைச் சொன்னால் பன்றிகளைப் பிடித்துத் தர நாங்கள் தயார். மாதிரிகளை ஐஸ் பெட்டியில் பேராதனை ஆய்வுகூடம் வரை கொண்டுபோக வேண்டுமென்றால் அந்தச் செலவையும் பகிர்ந்துகொள்வோம். தயவுசெய்து கணக்கெடுங்கள்; முடிவை எங்களுக்கும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலைப் பன்றிப் பண்ணையாளர் ஒருவர்