அம்மாவிடம் கேளுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஒருவர் ஏதோ கணக்கெடுக்க வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டார்: "வீட்டம்மா என்ன வேலை பாக்குறாங்க?"

"அவ வீட்லதான் சார் இருக்கா."

அவ்வளவுதான், அடுத்த கேள்வி. அம்மா அப்போது வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். விடியுமுன்னே எழுந்து, இரண்டு மாட்டிலும் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, சோறாக்கி வைத்துவிட்டுக் களையெடுக்கப் போனவர். புல்லுக்கட்டோடு அவர் வாசலுக்கு வந்தபோது, வந்தவர் அடுத்த தெருவில் இருந்தார். அப்பா பொய் சொல்லவில்லை. கூலி வராததை வேலை என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. சொந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பதும் வேலை, வீட்டுத் தேவைக்காக மட்டும் பால் கறந்தாலும் வேலை என்று உங்கள் வரையறையே சொல்கிறது. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பிலோ ஊதியமில்லாத குடும்ப உழைப்புக்குக் குறியீட்டு எண் 21, வீட்டு வேலை மட்டும் என்றால் 92. திண்ணையில் விழுந்த ஒரு பதிலில் 21 எத்தனை வீடுகளில் 92 ஆகிறது? பிறகு அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் பெண்கள் உழைப்பிலிருந்து விலகுகிறார்கள் என்று கட்டுரை எழுதுகிறார்கள். பட்டா அப்பா பேரில், கடன் அப்பா பேரில், கணக்கிலாவது அம்மா இருக்க வேண்டாமா?

கேட்கும் விதத்தில் கேட்டால் பதில் வரும். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் காலை 4 மணி தொடங்கி அரை அரை மணி நேரமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று தெரிந்தது.

2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நாட்டையே எண்ணப்போகிறீர்கள். பெண்ணின் வேலையைப் பெண்ணிடமே கேளுங்கள். பள்ளி வேலைக்கு மேல் இதையும் சுமக்கும் ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. இன்னொரு முறை வர அவர்களுக்கு நேரம் கொடுங்கள். "வேலை இல்லை" என்று பதில் வந்தால் மாடு உண்டா, வயலுக்குப் போவதுண்டா என்று கேட்கப் பயிற்சி கொடுங்கள். தசம புள்ளி வரை விழுக்காடு வெளியிடும்போது, எத்தனை பெண்களுக்காக வேறொருவர் பதில் சொன்னார் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: பெண்ணிடமே கேளுங்கள்.

மாலை ஏழு மணிக்கு மேல் வந்தால் அம்மா இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு விவசாயியின் மகள்