பூவா தலையா

அன்புள்ள சண்முகம்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அண்ணனுக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது. அந்த நோய்க்குக் காடசில் என்று பெயர், ஏதோ பூச்சிமருந்து மாதிரி.

அம்மாவை உனக்கு நினைவிருக்கும். 48 வயதில், பூக்கட்டிக்கொண்டிருந்தபோது வலது கை நாரை விட்டுவிட்டது, மடியிலிருந்து சரிந்த மல்லிகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிரஷர், சுகர் இல்லாதவளுக்குப் பக்கவாதம் எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. கண்முன் மின்னல் நெளிகிறது என்று சொல்லிப் படுத்துவிடுவாளே, அந்த ஒற்றைத் தலைவலியும் இதில் சேர்ந்ததுதானாம். நாட்ச் 3 என்ற மரபணுவில் பிழை. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் புரதம் படிந்துபடிந்து குழாய் கெட்டுப்போகிறது. பாரிஸில் ஒரு குழு 1996ல்தான் இதைக் கண்டுபிடித்தது. பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. எங்கள் வீட்டில் தங்கை மட்டும் தப்பினாள்.

அப்புறம் ராத்திரியெல்லாம் போனில் படித்தேன், நாற்பதுகளில் பக்கவாதம், அறுபதில் மறதி என்று. எனக்கு 52. டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், இன்னும் எத்தனை வருஷம் என்று. அவர் சொன்னதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தக் கணக்கெல்லாம் நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பங்களை வைத்துப் போட்டதாம். பிற்பாடு பொதுமக்களின் மரபணுத் தகவல் தொகுப்புகளில் தேடிப் பார்த்தால் சுமார் 300 பேரில் ஒருவரிடம் இந்த வகைப் பிழை இருக்கிறது, அதில் பலர் அறுபது எழுபது தாண்டியும் ஒன்றும் வராமல் நடமாடுகிறார்கள். பிழை மரபணுவின் முன்பகுதியில் இருந்தால் கடுமை அதிகம், பின்பகுதியில் என்றால் பொதுவாகத் தாமதமாகத்தான் வரும். எங்களுடையது பின்பகுதி. அம்மாவுக்குச் சீக்கிரமே வந்ததே என்றேன். ஒரே பிழை ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும் என்றார்.

குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, அதில் அவர் பூசி மெழுகவில்லை. ஆனால் பிரஷரும் புகையும் பக்கவாதத்தைச் சீக்கிரம் இழுத்துவரும் என்பது தெளிவாகிவிட்டது. அண்ணன் ஊதாத நாளில்லை, 50ல் விழுந்தான். நான் இப்போது காலை மாலை பிரஷர் பார்த்துப் பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறிக்கிறேன். சிகரெட்டை விட்டு இன்றோடு 71 நாள்.

மகளுக்கு 24 ஆகிறது. சொல்லிவிட்டேன். பரிசோதனை இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்கிறாள். சரி, அது அவள் முடிவு.

பொங்கலுக்கு வருவாய்தானே? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்குச் சிகரெட்டைப் பழக்கிவிட்டவனே நீதான், பாக்கெட்டை உன் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
ராஜு