ஜிபே எண் தெரிகிறது, பதிவு எண் எங்கே?

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சிகிச்சை முறைகளைப் பற்றி யூடியூபில் யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம் என்றாகிவிட்டதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண்ணின் உயிர் போனது. எல்லோரும் பதறினோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். போன வாரம் ஒரு தறித் தொழிலாளியை அழைத்துவந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஆட்டோவில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையின் இரண்டு ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைப்பதுதான் பிஸ்டுலா; அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி மாதக்கணக்காகிறது. அவர் மகன் ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறான். கை நரம்பை வெட்டி முறுக்கிவிடுவார்கள், டயாலிசிஸ் தொடங்கினால்தான் கிட்னியே செயலிழக்கும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பிஸ்டுலாவால் புடைத்த ஒரு கையைப் பெரிதாக்கிக் காட்டுகிறார், பின்னணியில் சோக இசை வேறு. அந்தப் புடைப்பில்தான் ஊசி நிற்கும், ரத்தம் வேகமாக ஓடும் என்பதைச் சொல்லவே இல்லை.

பிஸ்டுலா போட்டதும் பயன்படாது. ரத்தக்குழாய் தடித்துத் தேற ஆறு வாரமாவது ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட. அதற்காகத்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறார்கள். அந்த அவகாசத்தை வீடியோ தின்றுவிட்டது. இப்போது டயாலிசிஸுக்காக அவர் கழுத்தில் குழாய். தலைக்குக் குளிக்க முடியாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது, கட்டு நனைந்தால் கிருமி ஏறும். இரண்டாம் டயாலிசிஸின்போதே குளிரில் உதறி, கட்டில் கிடுகிடுத்தது.

மகனிடம் கேட்டேன். “அவரு அரை மணி நேரம் பொறுமையா பேசுறாரு சிஸ்டர். இங்க டாக்டர் ரெண்டு நிமிஷந்தான பாத்தாங்க” என்றான். ஓ.பி. வரிசை நீளம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் சொன்னதில் பொய் இல்லையே.

வீடியோவில் பேசுபவர் மருத்துவரா, இல்லையா? அவன் அதை எப்படிக் கண்டுபிடிப்பான்? வெள்ளைக் கோட்டு இருக்கிறது, கழுத்தில் ஸ்டெத் இருக்கிறது. கீழே ஒரு பொடி விற்பனைக்கு இருக்கிறது, ஜிபே எண் பளிச்சென்று இருக்கிறது. மருத்துவர்களுக்கு நீங்கள் தரும் பதிவு எண்தான் இல்லை.

மருத்துவர்கள் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் பணம் வாங்கும் ரசீதிலும் காட்ட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஒருவர் கையில் போகும் சீட்டுக்கு எண் வேண்டும், லட்சம் பேர் பார்க்கும் வீடியோவுக்கு வேண்டாமா? பதிவு பெற்ற மருத்துவர் யாராயினும் சிகிச்சையைப் பற்றி வீடியோ போட்டால், திரையில் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு எண் தெரிய வேண்டும் என்று உத்தரவிடுங்கள். பதிவு பெறாதவர்கள் எங்கள் வரம்பில் இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் உங்கள் வரம்பில் இருப்பவர்கள் எல்லோரும் எண்ணைக் காட்டினால், காட்டாதவர் யாரென்று அந்தப் பையனுக்கே தெரிந்துவிடும்.

சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்ய 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை உண்டு. அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று சில இரவுகளில் சந்தேகம் வருகிறது, குறிப்பாக என் அத்தையே எனக்கு அப்படியொரு வீடியோவை அனுப்பும்போது. பதிவு பெற்றவர்களிலும் சிலர் ஆபரேஷன் தியேட்டரைப் படப்பிடிப்புத் தளமாக்கி வருகிறார்கள். லைக் எண்ணிக்கையையும் இனி கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியிருக்குமோ என்னவோ.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான், திரையில் பதிவு எண். இந்த மடலுக்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த கூட்டத்துக்குள் அந்தச் சுற்றறிக்கை வந்தால் போதும்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் ஒருவர்