புதுப் பிஸ்டல் வாங்கிய அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

உன் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கோபிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று கேட்டு ரொம்பச் சந்தோஷம். இத்தனை நாள் பத்துப் பேர் கைபட்ட கிளப் பிஸ்டலில் சுட்டாய். உங்கய்யன் வாங்கிக் கொடுத்திருக்கும் இது உன் ஒருத்தி கைக்கானது. பெட்டியைப் பிரித்ததும் அலன் கீயோடு உட்காரத் தோன்றும். பொறு கண்ணு. நாலு திருகை ஒரே நாளில் திருகினால், எது எதைக் கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு சமயம் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அதிலும் கிரிப்தான், அதாவது கைப்பிடிதான், முதலில். கிரிப் அமையாத பிஸ்டலில் குறி பார்க்கும் சைட்டைத் திருப்புவதும் டிரிகரைத் தொடுவதும் வீண் வேலை.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 33 செ.மீ. குறி அட்டை இருப்பது 10 மீட்டரில். பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் 1 மி.மீ. விலகி நின்றால் குண்டு அட்டையில் 30 மி.மீ. தள்ளி விழும். பத்துப் புள்ளி ஏழாகிவிடும். ஆனால் இரண்டு சைட்டும் நேராக நிற்க, கை மட்டும் மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால் அட்டையிலும் அதே 5 மி.மீ.தான் நகரும், பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. என்பதால் அது இன்னும் பத்துதான். கை ஆடுவதைப் பற்றி வெசனப்படாதே. மணிக்கட்டு மடங்குவதுதான் ஆளைக் கவிழ்க்கும். மணிக்கட்டை மடங்காமல் வைத்திருப்பது கிரிப்பின் வேலை.

கிரிப்பைப் பிடிக்கும்போது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை மேலே எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்று. நடுவிரல்தான் பிஸ்டலை நேர்பின்னாக இழுத்துப் பிடிக்கும். மோதிர விரல் துணைக்கு, சுண்டுவிரல் சும்மா ஒட்டியிருந்தால் போதும். பெருவிரலில் அழுத்தமே கூடாது. ஆள்காட்டி விரல் டிரிகரைத் தவிர மரத்தில் எங்கேயும் உரசக் கூடாது. உரசினால் டிரிகர் இழுக்கும்போது பிஸ்டலும் கூடவே பக்கவாட்டில் நகரும்.

அடுத்து கண்ணை மூடிச் செய்யும் சோதனை. நின்ற நிலையில் பிஸ்டலைத் தூக்கி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, பிறகு திற. முன் சைட் பள்ளத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கிறதா? மணிக்கட்டால் திருத்தாதே. கிரிப்பைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, பிஸ்டலின் மூக்கு இடப்பக்கம் போகும்படி ஒரு துளி திருப்பி இறுக்கு. முன் சைட் மேலே துருத்தினால் மூக்கு தாழ வேண்டும், பள்ளத்துக்குள் அமுங்கினால் உயர வேண்டும். பத்து முறை தூக்கினால் ஏழெட்டு முறை சைட் தானாக நேரே நிற்கும்வரை இதைச் செய். ஒரே நாளில் முடியாது. களைத்த கையில் பார்த்த சோதனை பொய் சொல்லும்.

உள்ளங்கையில் இடைவெளி தெரிந்தால் எம்-சீல் போட்டு நிரப்பலாம். கையில் பவுடர் பூசிக்கொண்டு ஈரமான எம்-சீலைச் சுடும் நிலையிலேயே பிடித்து அச்சு எடு. காய்ந்ததும் எங்கே உறுத்துகிறது என்று பார்க்க, திருப்பூர் தையல்காரர்கள் துணியில் கோடு போடும் நீலச் சாக்கைப் பொடித்து உள்ளங்கையில் தடவிப் பிடி. மரத்தில் நீலம் அழுந்தப் படிந்த மேட்டை மட்டும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 150-ஆல் முடி. தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. அதனால் அரை மி.மீ. எடுத்துவிட்டு ஒருக்கா சுட்டுப் பார், பிறகு அடுத்தது.

அடியில் உள்ள தாங்கு பலகையைக் கை கவ்வுகிற அளவுக்கு ஏற்றிவிடாதே. நம்மூர்ச் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகை ரேஞ்சில் ஒரு மணி நேரம் நின்றால் கை வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்தது ஐம்பதாவது குண்டில் இறுக்கிப் பிடிக்கும். கொஞ்சம் இளக்கமாகவே விடு. பலகை மேல்நோக்கி வளைந்து கையைச் சுற்றக் கூடாது, மணிக்கட்டைத் தாங்கவும் கூடாது என்பது விதி. எம்-சீல் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிரிகரில் இப்போதைக்கு இரண்டே வேலை. முதலாவது, டிரிகர் நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி, விரல் நுனியின் சதை நடுவில் படுகிற இடத்தில் நிறுத்து. விரல் நேர்பின்னாக வர வேண்டும். இரண்டாவது, எடை. விதிப்படி குறைந்தது 500 கிராம். பிஸ்டலைக் காக் செய்து (சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து), குழல் வானத்தைப் பார்க்க, 500 கிராம் எடையை டிரிகரில் மாட்டி மேசையிலிருந்து தூக்கு. விடுபடாமல் எடை முழுதாக எழும்ப வேண்டும். 500-இலேயே நிறுத்தாமல் 510, 520-க்கு வைத்துக்கொள். எல்லையில் நிற்கும் டிரிகர் சோதனை மேசையில் சட்டென்று தோற்றுவிடும். டிரிகர் இரண்டு கட்டமாக இழுபடும்: முதல் கட்டத்தில் பெரும்பங்கு எடை, இரண்டாம் கட்டத்தில் 100 முதல் 150 கிராம் என்பது பழகுவதற்கு நல்ல அளவு. சியர் (டிரிகர் இழுக்கும்வரை பிஸ்டலைக் காக் நிலையில் நிறுத்தும் கொக்கி) பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடவே தொடாதே. அது குறைந்தால் காக் செய்யும்போதே விடுபடும், கூடினால் டிரிகர் இழுபட்டு இழுபட்டு நகரும்.

இந்த இரண்டும் அமைந்த பிறகு சைட். முன் சைட்டின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்று ஒவ்வொன்றும் முன் சைட் அகலத்தில் பாதி இருக்கும்படி பள்ளத்தை வை. கீற்று குறுகினால் கண் சீக்கிரம் களைக்கும், அகன்றால் நடு எது என்று தெரியாது. குறி கறுப்பு வட்டத்தில் இல்லை, அதற்குக் கீழே வெள்ளையில். கண் முன் சைட்டில் நிற்கட்டும், கறுப்பு மங்கலாகவே தெரியட்டும்.

சைட் குமிழில் உள்ள எழுத்துகளை நம்பித் திருப்பாதே. சில ஜெர்மன் பிஸ்டல்களில் எழுத்து குண்டு விழுந்த பக்கத்தைச் சொல்லும்: மேலே விழுந்தால் மேல் என்ற பக்கம் திருப்பினால் கீழே இறங்கும். வேறு சிலவற்றில் நேர்மாறு. ஐந்து குண்டு சுடு, பத்து கிளிக் திருப்பு, மறுபடி ஐந்து சுடு. இரண்டு கூட்டத்தின் நடுக்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து பத்தால் வகுத்தால் உன் பிஸ்டலின் ஒரு கிளிக் எத்தனை மி.மீ. என்று தெரியும். நோட்டில் எழுதி வை. ஒற்றைக் குண்டைப் பார்த்து ஒருநாளும் சைட்டைத் திருப்பாதே.

பெல்லட், அதாவது ஏர் பிஸ்டலில் போடும் குண்டு, தட்டைத் தலை, 4.5 மி.மீ. தலை அளவு 4.48-இலிருந்து 4.51 வரை டப்பாவில் போட்டிருக்கும். இப்போது அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கீழே விழுந்து பாவாடை (பின்பக்க விரிந்த ஓரம்) நசுங்கிய பெல்லட்டை மட்டும் திரும்பப் போடாதே.

காற்று நிரப்பும் சிலிண்டர் விஷயம் அப்படியில்லை, கவனமாகப் படி. அதில் பொறித்திருக்கும் மாதமும் வருடமும் பார். வழக்கமாக ஆயுள் 10 வருடம், கடைப் பெட்டியில் தூங்கிய காலமும் அதில் சேரும். அழுத்தத்தை 200 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் ஏற்றாதே, மெதுவாக ஏற்று. வேகமாக ஏற்றினால் சூடாகி, ஆறியதும் முள் இறங்கிவிடும். கையால் அடிக்கும் பம்பில் ஈரக்காற்று உள்ளே போய், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை அரிக்கும். ஸ்கூபா டேங்கிலிருந்து நிரப்புவதே நல்லது. எண்ணெய் எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் அது பற்றி வெடிக்கும். ஈரோட்டு வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதே: 25 டிகிரியில் 200 பாராக இருப்பது 65 டிகிரியில் 227 பார் ஆகும்.

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் கரைந்தது. 575 எடுத்து 12-ஆவது இடம். 2024-இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். 60 குண்டுக்கு 75 நிமிடம்தான். அதனால் வாரம் ஒருமுறை எல்லாத் திருகும் இறுக்கமா என்று பார். பையில் அலன் கீ செட், ஓ-ரிங், நிரப்பிய இன்னொரு சிலிண்டர் இருக்கட்டும்.

வீட்டில் டிரை ஃபயர் (பெல்லட் போடாமல் டிரிகர் இழுத்துப் பழகுவது) செய்யும்போது பெல்லட் டப்பா வேறு அறையில். எதிரே வெள்ளைச் சுவர் போதும், கறுப்பு வட்டம் வேண்டாம். மாவட்டப் போட்டிக்கு முன்னால் அட்டையை வெட்டி 420 × 200 × 50 மி.மீ. பெட்டி ஒன்று செய்து, பிஸ்டல் விதிப்படி அதற்குள் அடங்குகிறதா என்று வைத்துப் பார். பெரும்பாலும் இடிப்பது 50 மி.மீ. அகலத்தில், தாங்கு பலகையின் ஓரம்தான். இடித்தால் அங்கே தேய்த்துவிட்டு, கண்ணை மூடும் சோதனையை மறுபடி செய்.

அன்புடன்,
உன் ரேஞ்ச் அக்கா