கார்டு வேனில் ஒரு பலகை பாக்கி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வேளைக்குச் சாப்பிடு.

குட்டிக்குச் செய்வதாகச் சொன்னேனே, அந்தக் கார்டு வேன் பொம்மை, கூட்ஸ் ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வரும் பெட்டி, முக்கால்வாசி முடிந்தது. 87-ல் ஒரு பங்கு அளவு. ஆறடிக் கதவு 21 மில்லிமீட்டர்தான் வருகிறது! சுவருக்கு உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அட்டை, நல்ல கனம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் ரிவெட் புள்ளி புள்ளியாக எழும்புகிறது. வராந்தா கைப்பிடிக்குக் குண்டூசி. சக்கரம் மட்டும் கடையில் வாங்கியது, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கானது. நம் ரயிலின் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். சக்கரத்தை அச்சில் வெளியே தள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தள்ளினால் குட்டியின் தண்டவாளத்தில் ஓடாது. சரி, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டிக்கு அடியில் படுத்தே வயசானவனுக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் உறுத்துகிறது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் ரிங்கிலேயே போனை எடுத்தாய். முந்தின வாரமும் அப்படித்தான். பின்னால் குக்கர் விசில். லீவு என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் உன்னைப் பற்றித்தான் பேசித் திரிகிறேன், ஆனாலும் பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேளைக்குச் சாப்பிடு.

நீ நாலாவது படிக்கும்போது என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். 41 நாள். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. காலையில் டிபன் கேரியரோடு கிளம்பி ராயபுரம் ஸ்டேஷனில் போய் உட்காருவேன். 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்கு வண்டி விட்டார்கள் என்று உனக்குக் காட்டினேனே, அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில். கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து கூட்ஸ் வரும். கடைசியில் எல்.வி. பலகை, அதாவது ‘லாஸ்ட் வெஹிகிள்’, கடைசிப் பெட்டி என்கிற பலகை, இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை என்று கணக்கு. அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைப் பாதி நாள் நாய்க்குப் போட்டிருக்கிறேன்.

அந்தத் தோடு தொலையவில்லை, கண்ணு. நான்தான் அடகு வைத்தேன், மூழ்கிவிட்டது. அம்மா இன்னும் உன் அத்தையைத்தான் சந்தேகப்படுகிறாள். சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பாள், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன்.

வேனுக்கு எல்.வி. பலகை மட்டும் பாக்கி, நாளைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுவேன். பார்சலை எப்போதும் உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தானே அனுப்புவோம். இந்த முறை எங்கே அனுப்பட்டும்?

அப்பா