இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா?

ஊஜென்டோ, தெற்கு இத்தாலி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் நீ போனில் பேசியது நாலு நிமிடம். அதற்குள் மூன்று தடவை இருமினாய், வறட்டு இருமல். அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். பொலோன்யாவில் இந்த மாதத்து மூடுபனி லேசில் விடாது, நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். டாக்டரைப் பார். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மூன்று நாளாகத் தெற்குக் காற்று அடிக்கிறது, தோர்ரே சான் ஜொவான்னியில் படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. அனுப்பிய ஆலிவ் எண்ணெய் டின் வந்து சேர்ந்ததா? அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. பார்சலில் மூடி கழன்று கொட்டியிருந்தால் சொல், வேறு அனுப்புகிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் குடி. இருமலுக்கும் நல்லது.

தாரன்டோ மியூசியத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்களாம். எதிர்வீட்டுப் பையன் வந்து சொன்னான். உனக்கு ஏழு வயதில் நான் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. நம் ஊர் ஜீயஸ் சிலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "இது நம்முடையது, ஏன் இங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று அழுதாய். 1961-ல் அதைத் தோண்டி எடுத்த கதையைத் தாத்தா உனக்கு அத்தனை தடவை சொல்லியிருந்தார். முன்பு இந்த மண்ணில் வாழ்ந்த மெஸ்ஸாப்பியர்கள் கல்லுக்கு அடியில் ஒளித்து வைத்த வெண்கலம் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் கெடாமல் வந்தது என்று அவர் சொல்லும்போது நீ வாயைப் பிளந்து கேட்பாய். உழும்போது வந்த ஓட்டுச் சில்லுகளையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாயே, அது இன்னும் உன் அலமாரியில்தான் இருக்கிறது. அம்மா துடைத்து வைக்கிறாள்.

மண்ணைப் படிக்க நீ பாரி நகரத்துக்குப் போனது எனக்கு அப்போது ஆச்சரியமாகவே இல்லை. நம் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நீ. அதை நான் உன்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். போன கிறிஸ்துமஸுக்கு வரவேயில்லை. அதற்கு முன்பு வந்தபோதெல்லாம் இரண்டு நாள் இருந்தாய், அம்மாவோடு பேசினாய், சாப்பிட்டாய், கிளம்பினாய். ஆலிவ் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலை அதிகம் என்கிறாய். சரி, இருக்கும். வேலை அதிகமாக இருந்தால் இருமலைக் கவனிக்க நேரம் இருக்காது, அதுதான் என் கவலை.

இப்படியே சுற்றிச் சுற்றி இருமலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2015 மார்ச்சில் நீ லீவுக்கு வந்தபோது களைச்செடி ஒன்றின் தண்டை ஒடித்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தாய். அதில் எச்சில் துப்பியது போல நுரை. "அப்பா, ஸ்புத்தாக்கீனா என்கிற எச்சில் பூச்சியின் குஞ்சு இதற்குள் இருக்கிறது, பறக்கிற வயது வருவதற்குள் களையை உழுது புரட்டிவிடு, காய்ந்த கிளைகளை வெட்டு" என்றாய். அந்தப் பூச்சி பரப்பும் ஸைலெல்லாக் கிருமி ஆலிவ் மரத்தின் தண்ணீர்க் குழாயையே அடைத்துவிடும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாய். நான் கேட்கவில்லை. கல்லிப்போலிப் பக்கத்து வியாதி இங்கே வராது என்றேன். இலை நுனி கருகியதைத் தண்ணீர்க் குறை என்றேன். அப்புறம் சுண்ணாம்பையும் துத்தத்தையும் கரைத்து அடிமரத்தில் பூசிக்கொண்டு திரிந்தேன், என் அப்பா செய்ததைப் போல.

அந்த வருடம் டிசம்பரில் இந்த வியாதி விஷயத்தில் விஞ்ஞானிகள்மேல் விசாரணை என்று செய்தி வந்ததும் ஊரே கொதித்தது. கோயில் முன் சதுக்கத்தில் என் கூட்டாளிகள் நடுவே நீ பிட்டுலே பலகாரப் பொட்டலத்தோடு நின்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "இவளும் அந்தப் பாரிக் கூட்டம்தான், மரத்தை வெட்டச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள்" என்றேன். நீ பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை.

2019-ல் அந்த வழக்கை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட ராத்திரி போனைக் கையில் எடுத்தேன். உன் நம்பரை அழுத்தினேன். நீ எடுத்ததும் "அங்கே மழையா?" என்று கேட்டேன்.

தாத்தாவின் செல்லீனா ரக ஆலிவ் மரங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. கிணற்றடி ஒல்யரோலா ரக மரம், நீ பொந்துக்குள் ஒளிந்து விளையாடியது, கடைசியாகப் போனது. நான்தான் ரம்பம் பிடித்தேன். நீ சொன்னபடி செய்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும் என்று நீயே சொல்லமாட்டாய், நீ நேர்மையானவள். ஆனால் நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. பத்துப் பேர் முன்னால் உன்னை விலைக்குப் போனவள் என்றேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு, மகளே.

அந்த டின்னில் இருப்பது நம் எண்ணெய். கடையில் வாங்கியது என்று நினைத்திருப்பாய். அப்புறம் ஒரு நாள் தாளில் லெச்சீனோ, ஃபவொலோசா என்று வியாதியைத் தாங்கும் ரகங்களை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போனாயே, அவற்றைத்தான் வாங்கி நட்டேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. தாத்தா எண்ணெயைப் போல இல்லை, தொண்டையில் கொஞ்சம் காரம் அதிகம். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு எப்படி என்று தெரியவேண்டும்.

சான் மார்த்தீனோ திருநாள் கழிந்த சனிக்கிழமை மிச்சக் காயைப் பறிக்கிறோம். ஏணியே வேண்டாம், மரங்கள் உன் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். ராத்திரி ரயிலில் லெச்சே வரை வந்தால் போதும், ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. வருவதானால் ரயிலில் குளிரும், கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

அப்பா